அசையாமல் இருந்த எட்டு மாதம்

பகல் இரண்டு மணி. என் ஷிப்ட் முடிந்திருந்தது. தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் வாசலில் யாரோ சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம். எட்டிப் பார்த்தேன். வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். என் மகள் கலா படித்த நடுநிலைப் பள்ளியின் டிரில் மாஸ்டர் தரணேந்திரன்.

வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்று கதவில் பலகை தொங்கும். அதைப் படித்துவிட்டு மனிதர் படியிலேயே நின்றுவிட்டார். வெயில் தலையில் அடித்தது.

"கலாவோட அம்மா நீங்கதானே?"

பள்ளி திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. "என்ன சார்? கலாவுக்கு ஏதாச்சும்..."

"பயப்படாதீங்கம்மா. நல்லாத்தான் இருக்கா. கிளாஸ்ல உக்காந்திருக்கா." கொஞ்சம் நிறுத்தினார். "உக்காந்துக்கிட்டேதான் இருக்கா. அதுக்குத்தான் வந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"ஒத்தக் கால்ல நில்லுன்னேன். நிக்க வரல. குதின்னு சொன்னேன். முட்டி மடங்குது, கையி ஆடுது, ஆனா பாதம் தரையை விட்டுக் கெளம்பவே மாட்டேங்குது. பந்தைப் போட்டா கண்ணை மூடிக்கிறா. குழந்தைக்கு முன்ன எப்பவாச்சும் காய்ச்சல் வந்து கால் இழுத்துக்கிச்சா? போலியோ மாதிரி?"

"என் பொண்ணுக்குக் குறைன்னு சொல்றீங்களா சார்?"

கத்திவிட்டேன். சுவிட்ச்போர்டில் உட்கார்ந்திருந்த சக ஆபரேட்டர் ஷகீலா லைனைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அந்த மனிதருக்கு நான் அன்று ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

காய்ச்சல் வந்த வருஷம்

எந்த வருஷம் என்று கேட்டால் சரியாகச் சொல்ல வராது. எழுபதுகளின் கடைசி. கலாவுக்கு ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மூளைக்காய்ச்சல் வந்தது. அதிலும் குழந்தைகளைத்தான் தேடிப் பிடித்தது. காலையில் தலைவலி என்று படுத்த பிள்ளை மறுநாள் பேச்சில்லாமல் கிடக்கும்.

கொசுவால் வருகிறது என்றார்கள். பன்றியால் என்றார்கள். தெருவில் திரிந்த பன்றிகளை வண்டி வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாயங்காலமானால் மருந்தடிக்கும் ஆட்கள் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு வருவார்கள். சோற்றிலும் அந்த வாசனை, தலையணையிலும் அந்த வாசனை.

ஆஸ்பத்திரியில் இடம் போதாமல் பள்ளிக்கூடத்தையே காய்ச்சல் முகாமாக மாற்றினார்கள். தீபாவளிக்கு விட்ட லீவு அப்படியே நீண்டது. பொங்கல் கழித்துத் திறப்பார்கள் என்றார்கள். பிறகு மாசி என்றார்கள். முகாம் காலியான பின்னும் கழுவவும் சுண்ணாம்பு அடிக்கவும் நாள் போயிற்று. கடைசியில் பரீட்சையே கிடையாது, எல்லாரும் பாஸ், ஜூனில் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கும் ஒரு நிம்மதி. கலா கண்ணெதிரே இருப்பாள் அல்லவா?

என் பயத்துக்குக் காரணம் என் வேலை. எக்ஸ்சேஞ்சில் மற்றவர்கள் பேசுவதை நாங்கள் கேட்கக் கூடாது. ஆனால் லைன் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு நொடி காது கொடுத்தாக வேண்டும். அந்தச் சில மாதங்களில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போட்ட டிரங்க் கால்கள் கொஞ்சமா நஞ்சமா! ஒரு நாள் சேத்துப்பட்டு பக்கத்திலிருந்து வந்த ஒருவர் பொதுத் தொலைபேசியில் பேசினார். மூன்று நிமிஷம் முடிந்தது என்று சொல்ல நான் லைனுக்குள் போனேன். "பாப்பா எழுந்து உக்காந்துச்சான்னு மட்டும் சொல்லுங்க" என்று அவர் அந்தப் பக்கத்து ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பதிலே இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் லைனை விட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தக் கால் எத்தனை நிமிஷம் ஓடியது என்று சீட்டில் எழுதவும் மறந்தேன்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். கலா இனி என்னை விட்டு ஓரடி நகரக் கூடாது.

ஜன்னலோரத்து ஸ்டூல்

என் கணவர் நடேசன் பஸ் கண்டக்டர். பெங்களூர் ரூட். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். என் அம்மா காலமாகிவிட்டிருந்தார். மாமியார் வீடு போளூர் பக்கம் ஒரு கிராமம். அங்கே காய்ச்சல் இன்னும் ஜாஸ்தி. ஆகவே கலாவை என்னோடு எக்ஸ்சேஞ்சுக்கே அழைத்துப் போனேன்.

விதிப்படி அது தப்பு. சூப்பர்வைசர் வேலூர்க்காரர், நல்ல மனிதர். "சத்தம் வரக் கூடாது, போர்டு பக்கம் வரக் கூடாது, பாட்டரி ரூம் பக்கம் கண்டிப்பா வரக் கூடாது" என்று மூன்று கண்டிஷன் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டரி அறையின் அமில நெடியைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரமே எழுதியிருக்கிறேன். அந்த அமிலம் பட்டு ஓட்டை விழுந்த என் புடைவை ஒன்று இன்னும் பெட்டியில் இருக்கிறது.

பெண் ஆபரேட்டர்கள் இளைப்பாறும் சின்ன அறையில், கொசுவலை அடித்த ஜன்னலின் ஓரம் ஓர் உயரமான மர ஸ்டூல். கலாவை அதில் தூக்கி உட்கார வைத்தேன்.

"அம்மா வர்ற வரைக்கும் எறங்கக் கூடாது. தரையில கால் வெச்சா கொசு கடிக்கும். கொசு கடிச்சா காய்ச்சல் வரும். தெரிஞ்சுதா?"

"காய்ச்சல் வந்தா?"

ஜன்னல் வலையில் ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். அதுவே அவளுக்குப் போதுமான பதிலாக இருந்திருக்க வேண்டும். இறங்கவே இல்லை. உபயோகித்து முடித்த டிரங்க் கால் சீட்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் பூ வரைவாள், வீடு வரைவாள். பாத்ரூம் போகவேண்டும் என்றால்கூட, நானோ ஷகீலாவோ வந்து இறக்கிவிடும்வரை காத்திருப்பாள். அந்த வருஷம் கார்த்திகைக்கு எங்கள் ஊர் மலைமேல் தீபம் ஏற்றியபோது ஊரே தெருவில் நின்று அரோகரா சொன்னது. கலா அந்த ஜன்னல் வலை வழியாகத்தான் பார்த்தாள். வீட்டுக்குப் போனாலும் இதே கதை. கட்டில்மேல் கொசுவலை, வலைக்குள் கலா.

"இந்த மாதிரி சமத்து நான் பார்த்ததே இல்லக்கா" என்பாள் ஷகீலா. "எங்க வீட்டுல மூணு ஷைத்தானுங்க இருக்கு. ஒண்ணு கூரை மேல, ஒண்ணு மதில் மேல. எவ்ளோ கத்தினாலும் கேக்க மாட்டானுங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. சூப்பர்வைசர்கூட ஒரு நாள் கலாவின் தலையைத் தடவி, "பொம்மை மாதிரி உக்காந்திருக்கா" என்றார். அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

என் கையின் நீளம்

இங்கே ஒரு பழைய கதை சொல்லவேண்டும். எனக்கு இந்த வேலை கிடைத்ததே என் கை நீளத்தால்தான். இன்டர்வியூவில் சுவரோரம் நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி அளந்தார்கள். போர்டின் உச்சி வரிசைவரை எட்டாத பெண்ணுக்கு வேலை இல்லை. எனக்கு முன்னால் நின்ற பெண், பாவம், என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுவாள். கை எட்டவில்லை, அனுப்பிவிட்டார்கள்.

அந்த அளவு எனக்குச் சும்மா வந்துவிடவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். சின்ன வயதில் நான் ஏறாத மதில் இல்லை, தொங்காத கிளை இல்லை. அடி அண்ணாமலையில் என் சித்தப்பா வீட்டுக் கிணற்றில் மேலிருந்து குதித்து நீந்துவேன். மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் வரப்பில் ஓடிக்கொண்டே பச்சைக் கடலையை உரித்துத் தின்போம். உடம்பு என்ற ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அவ்வளவு லேசாக இருந்தது.

அப்படி வளர்ந்த நான் என் பெண்ணை எட்டு மாதம் ஸ்டூலில் உட்கார வைத்தேன். அப்போது அது தப்பென்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

முழங்காலில் ஒரு தட்டு

டிரில் மாஸ்டர் வந்துபோன மறுநாளே கலாவை லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். வழியெல்லாம் அவள் நடையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கீழே குனிந்து தன் பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். கை இரண்டும் இடுப்போடு ஒட்டியிருந்தன. வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் தினம் அவளை இடுப்பில் தூக்கியோ ரிக்‌ஷாவில் உட்காரவைத்தோ போனதால் இதை நான் கவனிக்கவே இல்லை. ஏழு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கியிருக்கிறேன்!

டாக்டர் கலாவின் முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது. படுக்கவைத்து நீட்டினார், மடக்கினார். உள்ளங்காலைச் சாவியால் கீறினார். கலா சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

"காலுல ஒண்ணும் இல்ல. நரம்பும் நல்லாருக்கு" என்றார் டாக்டர். "ஸ்கூல் மூடியிருந்த காலத்துல என்ன பண்ணிக்கிட்டிருந்தா?"

"சும்மா உக்காந்திருந்தா மேடம்."

"எவ்ளோ நாளா?"

சொன்னேன். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"இந்த வயசுலதான் உடம்பு எல்லாத்தையும் கத்துக்கும். ஓடுறது, தாண்டுறது, பிடிக்கிறது, விழாம நிக்கிறது. விளையாடாத புள்ளைக்கு அதெல்லாம் யாரு சொல்லிக் குடுப்பா? இப்ப கைப்புள்ள நடை பழகுற மாதிரி மொதல்லேர்ந்து பழகணும். மருந்து ஒண்ணும் கிடையாது. ஓட விடுங்க."

"சரியாயிடுமா மேடம்?"

"விட்டீங்கன்னா ஆயிடும்" என்றார். அந்த 'விட்டீங்கன்னா'வில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

அங்கிருந்து நேரே பள்ளிக்கூடம் போனேன். தரணேந்திரன் சார் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா?" என்று நிமிர்ந்தார். "உங்க பொண்ணு ஒருத்தி மட்டும் இல்ல. மூணாங்கிளாஸ்ல பாதி இப்படித்தான் இருக்கு. வீட்டுல வெச்சுப் பூட்டின புள்ளைங்கதான் எல்லாம். பூட்டுறதுக்குக் கதவு இல்லாத வீட்டுப் புள்ளைங்க நல்லாக் குதிக்குதுங்க. பூக்காரம்மா பொண்ணு அஞ்சலையைப் பாருங்க, வெட்டுக்கிளி மாதிரி போவா."

தாய்மார்கள் கேட்டது

ஆனால் ஓடவிட நேரம் இல்லை. எட்டு மாதப் பாடம் பாக்கி. தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் டிரில் பீரியடை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்.

"நான் கேட்டா, இவருக்கு வேற என்ன வேலைம்பாங்க" என்றார் தரணேந்திரன் சார். "தாய்மாருங்க நீங்க வந்து கேட்டா மறுக்க மாட்டாங்க. ஸ்கூல் விட்டப்புறம் ஒரு மணி நேரம் மைதானத்தைக் குடுத்தா போதும்."

ஏழெட்டுத் தாய்மார்களைத் திரட்டிக்கொண்டு போனேன். எஸ்தர் டீச்சர் கண்டிப்புக்குப் பேர் போனவர். நாங்கள் சொல்லி முடிக்கும்வரை மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முகாம் நடந்தப்ப நானும் இங்கதான் இருந்தேன்" என்றார் கடைசியில். "ரெண்டாங்கிளாஸ் ரூமுல ஒரு பொண்ணு படுத்திருந்தா. அதே ரூமுல உக்காந்து அ, ஆ எழுதினவ. அதே ரூமுல போயிட்டா. இந்த வருஷம் ஒரு புள்ளை மேல ஒரு கீறல்கூட விழக் கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டிருக்கேன்மா. நீங்க ஓட விடுங்கன்றீங்க."

நான் ஓரடி முன்னால் வந்து, "என் பொண்ணுக்கு நடக்கவே மறந்துடுச்சு டீச்சர். நான்தான் மறக்க வெச்சேன்" என்றேன்.

டீச்சர் மேஜை மேலிருந்த நோட்டுகளை அடுக்கிவிட்டு, "சரி" என்றார். "ஆனா ஒரு புள்ளைக்கு அடிபட்டாலும் அன்னியோட நிறுத்திடுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

ஒற்றைக் காலில்

அப்படித் தொடங்கியது அந்தச் சாயங்கால மணி நேரம். காலை ஷிப்ட் இருக்கும் வாரமெல்லாம் நானும் போய்விடுவேன்.

முதல் வாரம் முழுக்கச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் நடை. அவ்வளவுதான். கோட்டைப் பார்க்காமல், எதிரே நிற்கும் சாரின் முகத்தைப் பார்த்து நடக்கவேண்டும். கலா நாலடி வைப்பாள், குனிந்துவிடுவாள். ஓடச் சொன்னால் பிள்ளைகள் நேராகப் போய் ஒருவர்மேல் ஒருவர் மோதின. விலகவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. பிறகு துணிப்பந்து. பஞ்சு அடைத்த மெத்துப் பந்துதான், முகத்தில் பட்டாலும் வலிக்காது. ஆனாலும் பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே பாதிப் பிள்ளைகளின் கண் மூடிக்கொள்ளும்.

கலா குதிக்க மட்டும் மாட்டேன் என்றாள். "தரை தூரமா இருக்குது சார்" என்றாள் ஒருநாள். தரையில் நின்றுகொண்டுதான் அப்படிச் சொன்னாள்.

சார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க குதிங்க."

"நானா?"

"உங்களைப் பார்த்துத்தானே உக்காந்தா? உங்களைப் பார்த்தே குதிக்கட்டும்."

புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் பஜாருக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இருபத்தொன்பது வயதுக்காரி, டெலிபோன் ஆபீசில் வேலை பார்ப்பவள், பாண்டி ஆடக் கோடு போட்ட கட்டங்களுக்குள் ஒற்றைக் காலில் நொண்டினேன். மூன்றாவது கட்டத்தில் தடுமாறி உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். கலாவும் சிரித்தாள். எட்டு மாதத்தில் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அஞ்சலை ஓடிவந்து கலாவின் கையைப் பிடித்தாள். "இன்னாடி கீழயே பாக்கிற? என் கையைப் புடிச்சிக்கோ. நான் ஒண்ணு ரெண்டு சொல்றேன், மூணுன்னா வா."

மூன்றில் கலாவின் பாதங்கள் தரையை விட்டன. ஒரு விரற்கடை இருக்கும். நான் மண்ணில் உட்கார்ந்தபடியே பார்த்தேன்.

அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வந்தது. லீவு நாளில் நடேசன் அவளை பஸ் டிப்போவுக்கு அழைத்துப் போய், நிற்கும் காலி பஸ்ஸில் முன்படியால் ஏறிப் பின்படியால் இறங்க வைப்பார். கண்டக்டர் பிள்ளை என்று டிரைவர்கள் எல்லாம் கூட நின்று விசில் கொடுப்பார்களாம்.

தரணேந்திரன் சாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் ஆரணிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். எங்கள் மைதானத்தில் ஒரு மணி நேரம் என்பது ஒன்றரையாகும். பிள்ளைகள் விட மாட்டார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க இறங்க அவர் சைக்கிளைப் பார்ப்பார், பிள்ளைகளைப் பார்ப்பார், மறுபடி விசிலை எடுப்பார். அந்த மழைக்காலத்துச் சின்னப் பகல்களில் அவர் எத்தனை நாள் பட்டினியாகத் தூங்கினார் என்று அவர் மனைவி சொல்லித்தான் ரொம்ப நாள் கழித்து எனக்குத் தெரிந்தது. எங்களிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு லோக்கல் கால்

அந்த மழைக்காலத்தில் ஒரு வாரம் எனக்குச் சாயங்கால ஷிப்ட். வெள்ளிக்கிழமை ஐந்து மணி சுமாருக்குப் போர்டில், யாரோ கூப்பிடுவதைக் காட்டும் ஷட்டர் ஒன்று விழுந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடையின் நம்பர்.

"நம்பர் ப்ளீஸ்."

"நம்பர் இல்லம்மா. எக்ஸ்சேஞ்சுலயே சரோஜாம்மான்னு... அவங்களைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?" மூச்சு வாங்கும் குரல், தரணேந்திரன் சாருடையது. என் குரல் அவருக்குப் பிடிபடவில்லை.

"நான்தான் சார் பேசறேன்."

"கலா விழுந்துட்டாம்மா. கை உடைஞ்சிருக்கும்போல. நான் ரிக்‌ஷால ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

ஷகீலா என் தலையிலிருந்து ஹெட்செட்டைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். "போங்கக்கா, ரெண்டு போர்டையும் நான் பார்த்துக்கறேன், போங்க!"

ஆஸ்பத்திரி வராந்தாவில் தரணேந்திரன் சார் சுவரோரம் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் மண். பக்கத்தில் அஞ்சலை தேம்பிக்கொண்டிருந்தாள். எஸ்தர் டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. கலாவுக்கு உள்ளே மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மணிக்கட்டு" என்றார் எஸ்தர் டீச்சர். "ஆறு வாரத்துல சேர்ந்துடும்னு டாக்டர் சொல்றார். நான் அன்னிக்கே சொன்னேனே." கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஒரு புகார் எழுதிக் குடுத்துடுங்கம்மா. நாளையிலேர்ந்து மைதானத்தைப் பூட்டிடறேன். எனக்கு இனிமே தாங்காது."

தரணேந்திரன் சார் தலை நிமிரவில்லை. "தப்பு என்மேலதான்மா" என்றார். "அந்தப் பக்கம் பையன் ஒருத்தனுக்குப் பந்து போட்டுக்கிட்டிருந்தேன். இவ பூவரச மரத்துல ஏறினதை நான் பார்க்கல."

நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"மரத்துலயா ஏறினா?"

"ஆமாம்மா."

"யாரு ஏத்திவிட்டாங்க?"

"யாரும் ஏத்தல" என்று அஞ்சலை விசும்பலுக்கு நடுவே முந்திக்கொண்டாள். "பீப்பி ஊத எல பறிக்கணும்னா. நான் பறிச்சித் தரேன்னேன். வேணாம், நானே ஏறுறேன்னு சொல்லிச்சு. சத்தியமா, நான் தொடவேல்ல."

"எந்தக் கிளை வரைக்கும் ஏறினா?"

தரணேந்திரன் சார் இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"மூணாவது கிளைம்மா."

அந்தப் பூவரசு எனக்குத் தெரியும். மூன்றாவது கிளை என் தலைக்கு மேலே இருக்கும். கையால் பிடித்து, காலை எம்பி, உடம்பைத் தூக்கி, இன்னொரு கையை விட்டு அடுத்த கிளையைப் பற்ற வேண்டும். மூன்று தடவை.

பெஞ்சில் உட்கார்ந்தேன். எஸ்தர் டீச்சரிடமே பேனா வாங்கினேன். பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதிய கடிதங்களில் அதுதான் மிகச் சின்னது. என் மகள் கலா விளையாடும்போது விழுந்ததில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை, சாயங்கால விளையாட்டு நிற்காமல் நடக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

டீச்சர் படித்தார். மடித்துப் பையில் வைத்தார். எழுந்து போய்விட்டார். பூட்டப்போகிறாரா, விடப்போகிறாரா, யாருக்கும் தெரியவில்லை.

உள்ளேயிருந்து கலா வந்தாள். கை கழுத்திலிருந்து தொங்கியது. கன்னத்தில் அழுத தடம்.

"வலிக்குதாடி?"

"வலிக்குது" என்றாள். பிறகு, "மேலேர்ந்து பார்த்தா உங்க ஆபீஸ் தெரியுதும்மா" என்றாள்.

திங்கட்கிழமை

இடையில் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலை கலாவைப் பள்ளியில் விடப் போனபோது, மைதானத்தின் கதவு பூட்டியிருக்குமோ என்றுதான் முதலில் பார்த்தேன். திறந்திருந்தது. உள்ளே ஒரு மாட்டுவண்டி நின்றிருந்தது. வண்டி நிறைய ஆற்று மணல். இரண்டு ஆட்கள் மண்வெட்டியால் அதைப் பூவரச மரத்தடியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் எஸ்தர் டீச்சர். புடைவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையிலிருந்த பிரம்பால் தரையில் வட்டம் காட்டினார். "இன்னும் தள்ளிப் போடுப்பா. அந்தக் கிளைக்கு நேரா. கம்மியா போடாத, முழங்கால் ஆழம் இருக்கணும்."

தரணேந்திரன் சார் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

"என்ன டீச்சர் இது?" என்று கேட்டேன்.

"விழறதுங்க விழத்தான் போவுதுங்க" என்றார், திரும்பாமலே. "விழறது இதுல விழட்டும்."

அதற்குள் பிள்ளைகள் மணலைப் பார்த்துவிட்டு நாலாபுறமிருந்தும் ஓடிவந்தார்கள். அஞ்சலை முன்னால். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கலாவும் என் பிடியிலிருந்து நழுவி ஓடினாள். எதிரே வந்தவர்கள் யார்மேலும் மோதவில்லை. கீழே குனிந்து பார்க்கவும் இல்லை.

டீச்சர் பிரம்பைத் தூக்கிக் காட்டிச் சத்தம் போட்டார். "ஏய், இங்க பாருங்க! மூணாவது கிளைக்கு மேல எவளும் போகக் கூடாது! சொல்லிட்டேன்!"

நான் வேலியோரம் நின்று அவர் முதுகைப் பார்த்துக் கைகூப்பினேன். அவர் திரும்பவில்லை. மணல் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.